திருப்பிக் கூப்பிடாத குரல்

எழுந்தேன். மோட்டார் போட்டேன். மேல்தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்கும் வரை பல் தேய்த்தேன். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்து வந்து பாதியைக் காய்ச்சினேன். மீதியை ஃப்ரிட்ஜில் வைக்கப் போனால் அங்கே நேற்றைய மீதி இருந்தது. அதைக் கொட்டிவிட்டு இதை வைத்தேன். குக்கரில் அரை டம்ளர் அரிசி போட்டேன். அவ்வளவு குறைவான அரிசிக்கு அந்தக் குக்கர் ஒழுங்காக விசில் அடிப்பதில்லை. பக்கத்திலேயே நின்று பார்த்து இறக்க வேண்டும். சட்டைக்குக் காலரிலும் முன்பக்கத்திலும் மட்டும் இஸ்திரி போட்டேன். ஷூ மாட்டுவதற்கு முன் நாற்காலியில் உட்கார்ந்து துணைக்குரல் எண்ணுக்குக் கூப்பிட்டேன்.

தமிழுக்கு ஒன்று. உடல்நலத்துக்கு இரண்டு.

"வணக்கங்க, துணைக்குரல்ல இருந்து சிந்துஜா பேசறேன். நேத்து தலைவலின்னு சொன்னீங்க, இப்ப பரவால்லைங்களா?"

பரவாயில்லை என்றேன். தூக்கம் எப்படி என்று கேட்டது. சுமார் என்றேன். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னது. காலையில் சாப்பிடாமல் கிளம்ப வேண்டாம் என்றது. சரி என்று வைத்துவிட்டேன்.

சிந்துஜா என் மனைவி. போன மழைக்காலத்தில் டெங்கு வந்து இறந்துபோனாள். பேசியது அவளுடைய பிரதி.

ஷூ மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

கணபதி பகுதியில் ஒரு பம்புசெட் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். பம்பைத் தொட்டியில் இறக்கி ஓடவிட்டு அழுத்தமும் அதிர்வும் பார்ப்பேன். சரியாக இருந்தால் பச்சை வில்லை ஒட்டுவேன், இல்லையென்றால் சிவப்பு. அன்று மதியம் வக்கீல் ஃபர்சானா கூப்பிட்டு, வேலை முடிந்ததும் வந்துவிட்டுப் போகச் சொன்னார்.

அவருடைய அலுவலகம் நீதிமன்றத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது. ஐம்பது வயதுக்காரர். தொழிலாளர் வழக்குகள் மட்டும் எடுப்பவர். சிந்துஜா இருந்தபோதே அவளுக்காக ஆஜரானார். அவள் போன பிறகு துக்கம் கேட்க வீட்டுக்கு வந்தார். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, வழக்கு அவளோடு முடிந்துவிடாது, வாரிசு தொடர்ந்து நடத்தலாம் என்றார். நான் சரி என்றேன். அந்த நாட்களில் யார் எது சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வழக்கு இதுதான். துணைக்குரல் ஒரு தனியார் சேவை. கிராமத்து ஆட்கள் உடம்புக்கு முடியாதபோது கூப்பிடுவார்கள். என்ன செய்யலாம், எங்கே போகலாம் என்று சொல்வார்கள். சிந்துஜா நர்சிங் படித்துவிட்டு அங்கே சேர்ந்தாள். சேர்ந்த மறுவருடம் கம்பெனி ஒவ்வொரு ஊழியரின் பேச்சுப் பதிவுகளையும் வைத்து ஒரு பிரதி தயாரித்தது. அதே குரல், அதே வார்த்தை, அதே நிதானம். ஊழியர் விடுப்பில் இருக்கும் நாளில் அவர் பிரதி அழைப்புகளை எடுக்கும். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். பிரதியின் பேச்சு ஊழியரின் பேச்சாகவே கருதப்படும். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். இனிமேல் லீவு கேட்டால் முறைக்க மாட்டார்கள் என்று சிந்துஜாவும் போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வசந்தாமணி என்ற அம்மா கூப்பிட்டார். கணவருக்கு வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது என்றார். பிரதி எடுத்தது. "பயப்படாதீங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றது. அழைப்பு முடிந்தது. அந்த அம்மா சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தற்செயலாக வந்து பார்த்து, காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கணவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிந்துஜா உடுமலையில் அவள் சித்தி மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்து இலை. இரண்டாவது தடவை பாயசம் வாங்கினாள்.

உள்விசாரணையில் அழைப்பின் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். இது உங்கள் பேச்சுதானே என்று கேட்டார்கள். கடமை தவறியதற்காக வேலையிலிருந்து நீக்கினார்கள். பிரதியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கோளாறு அதில் இருந்ததாக ஆகிவிடும். ஆளை அனுப்பிவிட்டு அவளுடைய பிரதியை நாள் முழுக்க ஓடவிட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. "நானும் அதேதான்டா சொல்லியிருப்பேன்" என்றாள். "அதே வார்த்தை. ஆனா சொல்லிட்டு சும்மா இருந்திருக்க மாட்டேன்."

ஃபர்சானா டீ வாங்கி வைத்திருந்தார். அது ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார். கம்பெனி சமாதானம் பேச வந்திருக்கிறது. நீக்கத்தை ராஜினாமா என்று மாற்றிக்கொள்வார்கள். பிரதியை என் பேருக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். என் போனில் இருக்கும். என் காலம் முழுக்க இருக்கும்.

"பதிலுக்கு?"

"பிரதி பேசினது சிந்துஜா பேசினதுதான்னு நீங்க ஒத்துக்கணும். கம்பெனிக்கு அந்த ஒரு வரி நின்னாப் போதும். இதே மாதிரி இன்னும் எத்தனை பேரை அனுப்பணுமோ."

பிரதி சிந்துஜாதான் என்று ஆனால் அது வாரிசுக்கு வரும், கூடவே தவறும் அவளுடையதாகும் என்று அவர் விளக்கினார். பிரதி வேறு, அவள் வேறு என்று ஆனால் அவள் மேல் தவறில்லை. அப்போது பிரதி கம்பெனியின் இயந்திரம். வைத்துக்கொள்வதும் அழிப்பதும் அவர்கள் இஷ்டம். இரண்டும் சேர்ந்து கிடைக்க வழியில்லை.

ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தார்.

"வேற கேஸா இருந்தா, திரும்ப வேலைக்கு எடுன்னு கேப்பேன். இதுல கேக்க முடியாது. நீக்கினது செல்லாதுன்னு சொல்ல வைக்கலாம். விட்டுப்போன சம்பளம் வரும். சாகும்போது அவங்க வேலையில இருந்த ஆளுன்னு ஆகும். ஒரு மனுசனை முடக்கிப் போட்டவங்கன்னு ஆகாது. அவ்வளவுதான் தம்பி. இல்லாதவங்களுக்குச் சட்டம் அதுக்கு மேல தராது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"நீங்க அதைக் கூப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

"தினமும்."

அவர் ஆச்சரியப்படவில்லை. அதையும் கோர்ட்டில் கேட்பார்கள், தயாராக இருங்கள் என்று மட்டும் சொன்னார். பிறகு, அழைப்பு முடிந்த பிறகு சிந்துஜா என்ன செய்வாள் என்பதை நேரில் பார்த்த ஒருவர் சாட்சிக்கு வந்தால்தான் வழக்கு நிற்கும் என்றார். அவள் தன்னிடம் வாயால் சொன்னது போதாது. அவளே இல்லாதபோது அது வெறும் கேள்விப்பட்ட பேச்சு.

முதல் தடவை நான் அதை வேண்டுமென்று கூப்பிடவில்லை. காரியம் முடிந்து எல்லோரும் ஊருக்குப் போன பிறகு எனக்கே காய்ச்சல் வந்தது. என்ன மாத்திரை என்று கேட்கத்தான் அந்த எண்ணைப் போட்டேன். அவள் குரல் வந்தது. மாத்திரை பேரைச் சொன்னது. மறுநாள் கூப்பிட்டபோது காய்ச்சல் எப்படி என்று கேட்டது. ஒரு தடவை பேசியவர்களை அதே பிரதிக்கே திருப்பிவிடுவார்களாம். காய்ச்சல் போன பிறகு தலைவலி என்றேன். அதன்பின் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சமாதானம் பேச வந்ததை அதனிடமும் சொன்னேன். என்ன செய்யட்டும் என்றேன். உங்களுக்கு எது நிம்மதியோ அதைச் செய்யுங்க என்றது. அந்த வாரம் முழுக்கக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ராஜினாமா என்றால் கெட்ட வார்த்தையா என்ன. எத்தனையோ பேர் செய்கிறார்கள்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சுந்தராபுரத்தில் ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். சிந்துஜாவுக்குப் பக்கத்து இருக்கைக்காரி. சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். என்னை உட்காரச் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்து பூண்டு உரிக்க ஆரம்பித்தாள்.

"தலைவலி எப்படிங்கண்ணா இருக்கு?" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன்.

"ஃப்ளோர்ல எல்லாருக்கும் தெரியும். தலைவலி சார்னுதான் சொல்வோம். காலைல கரெக்டா வரும் உங்க கால். போர்டுல நம்பர் எரியும். புதுசா வந்த பசங்க சிரிப்பாங்க. நாந்தான் அதட்டி வெச்சிருக்கேன்."

 அவளே குரலைத் தணித்துக்கொண்டாள். அவ இருந்திருந்தா உங்களைத் திட்டியிருப்பாண்ணா என்றாள்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். அவள் பூண்டை வைத்துவிட்டு விவரமாகவே சொன்னாள். மையத்தில் ஒரு அழைப்பை இவ்வளவு நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று கணக்கு. வெளியே கூப்பிட அந்த லைனில் வசதி கிடையாது. அதனால் கொஞ்சம் மனசாட்சி உள்ளவர்கள், "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, டீ இடைவேளையில் லாக்கரிலிருந்து சொந்தப் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போவார்கள். ஆம்புலன்சைக் கூப்பிடுவார்கள். அந்த ஊர் நர்சைக் கூப்பிடுவார்கள். நோயாளி வீட்டுக்குத் திரும்பக் கூப்பிட்டு வந்தார்களா என்று கேட்பார்கள். மேலே மேலாளர் இருக்கும் தளம், கீழே காவலாளி. நடுவில் உள்ள திருப்பத்தில் நின்று பேசினால் யாருக்கும் கேட்காது. அதற்குப் படிக்கட்டு வேலை என்று பேர். வேலை நேரத்தில் சொந்தப் போனைத் தொட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதனால் யாரும் வாய் திறப்பதில்லை. சிந்துஜா டீயே குடித்ததில்லை, இடைவேளை முழுக்கப் படிக்கட்டில்தான் என்றாள்.

"பிரதிக்குப் படிக்கட்டு தெரியாது. அதுக்கு லைன்ல பதிவானது மட்டும்தானே தெரியும். எங்க எல்லாரு பிரதியும் பாத்துக்கறேன் பாத்துக்கறேன்னுதான் சொல்லிட்டுக் கிடக்குது. என்னைக்கு யாரு மாட்டுவாங்கன்னு தெரியல."

"இதைக் கோர்ட்ல சொல்ல முடியுமா ஜெசி?"

அவள் மறுபடியும் பூண்டை எடுத்தாள். உள்ளே அவள் மாமியார் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"சொன்னா, நீயும் போன் யூஸ் பண்ணினியான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லணும். அடுத்த நாள் நான் வீட்ல. எம் பிரதி அங்க வேலை செய்யும். வீட்டுக்காரருக்கு மில்லு மூடிட்டாங்கண்ணா."

சரி என்று எழுந்தேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். இன்னொரு நாள் என்றேன்.

மறுநாள் கம்பெனிக்கு விடுப்புச் சொன்னேன். மோட்டார் போட்டேன், பால் காய்ச்சினேன். நாற்காலியில் உட்கார்ந்து கூப்பிட்டேன். தலைவலி பரவாயில்லையா என்று கேட்டது. தலைவலி இல்லை என்றேன்.

என் மனைவிக்கு நான்கு நாளாகக் காய்ச்சல் என்றேன். இன்று காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் வயிறு வலிக்கிறது என்கிறாள், வாந்தி நிற்கவில்லை, கையெல்லாம் சில்லென்று இருக்கிறது என்றேன். எல்லாம் நடந்ததுதான். அப்போது அதை உணர்ந்து பதறியவள் அவளேதான். நர்ஸ் இல்லையா. காய்ச்சல் விட்டபிறகுதான்டா இதுல ஆபத்து என்று சொல்லி அவளே எழுந்து ஆட்டோவில் ஏறினாள்.

"பயப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்" என்றது பிரதி.

அப்படியே அவள் குரல். "நான்" என்பதில் அவள் கொடுக்கும் சின்ன அழுத்தம்கூட இருந்தது. அழைப்பு முடிந்தது.

போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சார்ஜ் இருந்தது. சிக்னல் இருந்தது. வெயில் ஜன்னலிலிருந்து தரைக்கு வந்து, தரையிலிருந்து எதிர்ச்சுவருக்கு ஏறியது. நடுவில் சாதம் போட்டுச் சாப்பிட்டேன். கை கழுவும்போது போன் அடித்ததுபோல இருந்தது. ஓடிவந்து பார்த்தேன். இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் பள்ளியிலிருந்து வந்தார்கள். விளக்குப் போட்டார்கள்.

யாரும் கூப்பிடவில்லை.

அவள் இறந்த அன்று எனக்கு அது தெரியவில்லை. தகனம் முடிந்து வந்தபோதும் தெரியவில்லை. அந்த மேஜைக்கு முன்னால்தான் தெரிந்தது, அவள் எங்கேயும் இல்லை என்று.

ஃபர்சானாவைக் கூப்பிட்டேன். சமாதானம் வேண்டாம் என்றேன். சாட்சி கிடைத்தாரா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். அப்படியென்றால் அவர்கள் சாட்சியையே கேட்டுப் பார்ப்போம் என்றார்.

கோர்ட்டில் என் சாட்சி முதலில் வந்தது. கம்பெனி வக்கீல் சேதுமாதவன் சத்தமாகப் பேசாதவர். கேள்வி கேட்பதற்கு முன் என் இழப்புக்கு வருத்தம் தெரிவித்தார். பிறகு ஒரு பதிவைப் போட அனுமதி கேட்டார். என் குரல் அந்த அறையில் கேட்டது. "சாப்பிட்டேன் சிந்து. ரசம் வெச்சேன். புளி கொஞ்சம் அதிகமாப் போச்சு." பின்வரிசையில் யாரோ சிரித்து, சட்டென்று இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

இது உங்கள் குரல்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். யாரிடம் பேசுகிறீர்கள் என்றார். பிரதியிடம் என்றேன். சிந்து என்று கூப்பிடுகிறீர்களே என்றார். ஆமாம் என்றேன். உங்கள் மனைவியிடம் பேசுவதுபோலத்தான் மாதக்கணக்கில் பேசியிருக்கிறீர்கள் என்றார். ஆமாம் என்றேன். அவர் என் பக்கம் ஓரடி நெருங்கி வந்தார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார்.

"அது உங்க மனைவி இல்லேன்னா, எதுக்குங்க தினமும் கூப்பிட்டீங்க?"

"அவ இல்லாததாலதான்."

நீதிபதி எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார். இறங்கலாம் என்றார்கள்.

அடுத்து வசந்தாமணி அம்மா. கம்பெனி அழைத்துவந்த சாட்சி. சுங்கடிச் சேலை, நெற்றியில் திருநீறு. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடந்ததைச் சொன்னார். பதிவைப் போட்டார்கள். இந்தக் குரல்தானா என்று சேதுமாதவன் கேட்டார். இதேதானுங்க என்றார். வக்கீல் திருப்தியோடு உட்கார்ந்தார்.

ஃபர்சானா எழுந்தார். இதற்கு முன் எப்போதாவது துணைக்குரலைக் கூப்பிட்டதுண்டா என்று கேட்டார்.

"ஒருக்கா கூப்பிட்டனுங்க. அவருக்குச் சக்கரை இறங்கி மயங்கிட்டாருன்னு."

"அப்ப யாரும்மா பேசினது?"

"இதே பொண்ணுதானுங்க. இதே மாதிரிதான் சொல்லுச்சு. பயப்படாதீங்கம்மா, நான் பாத்துக்கறேன்னு."

"சொல்லிட்டு?"

"வெச்சிருச்சுங்க. கொஞ்ச நேரத்துல வேற நம்பர்ல இருந்து கூப்பிட்டுச்சு. செல்லுல. எங்கயோ மாடிப்படியில நின்னு பேசற மாதிரி கிணத்துக்குள்ள கேக்கற சத்தமா இருந்துச்சு. வெல்லந்தண்ணி குடுத்தீங்களான்னு கேட்டுச்சு. நர்சம்மாவ அனுப்பிருக்கேன், வந்துட்டாங்களான்னுச்சு. மறுக்காவும் கூப்பிட்டுச்சுங்க. அவரு கண்ணு முழிச்சுப் பேசின பொறவுதான் உட்டுச்சு."

சேதுமாதவன் எழுந்து ஏதோ ஆட்சேபம் சொன்னார். நீதிபதி கையமர்த்தினார்.

"சரிங்கம்மா. இந்தத் தடவை ஏன் சாயங்காலம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தீங்க? வேற யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே."

அந்த அம்மா ஃபர்சானாவைப் பார்த்தார். இது என்ன கேள்வி என்பதுபோல.

"அதானுங்க. திருப்பிக் கூப்பிடும்னு இருந்தேன். போனைக் கையிலேயே புடிச்சிட்டு இருந்தேன்."

ஃபர்சானா வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார். மேஜைக்கடியில் அவர் கை என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு விலகியது.

வெளியே வராந்தாவில் நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா பக்கத்தில் வந்து நின்றார். நீங்க அந்தப் பொண்ணு ஊட்டுக்காரருங்களா என்றார். ஆமாங்க என்றேன்.

"அது செத்துப்போச்சுன்னு இங்க வந்துதான் கேள்விப்பட்டேன். போன வாரங்கூட எம் மருமக போட்டா அந்தப் பொண்ணுதான் எடுத்துச்சு. நான் கோவத்துல பேசமாட்டேன்னுட்டேன்."

தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"வேலைய உட்டு எடுங்கன்னு நான் சொல்லல சாமி. ஏன் கூப்பிடல, அதுக்கு ஒடம்புக்கு ஏதும் சரியில்லையான்னு கேக்கத்தான் போனேன். அவங்க ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாங்க." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டார் என்றார்.

பங்குனி வெயிலில் தீர்ப்பு வந்தது. பிரதி கற்றுக்கொண்டது அந்த ஊழியரின் பேச்சை மட்டும், அவருடைய வேலையை அல்ல என்று நீதிபதி எழுதியிருந்தார். பேச்சுக்குப் பின்னால் இருந்த வேலையைச் செய்ய வழி வைக்காமல், பேச்சை மட்டும் எடுத்து ஓடவிட்டது நிர்வாகம். ஆகவே தவறு நிர்வாகத்துடையது. ஒப்பந்தத்தின் அந்த வரி செல்லாது. நீக்கம் செல்லாது. சிந்துஜா இறந்த நாள் வரை பணியில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும். வேலை நேரத்தில் சொந்தப் போனைப் பயன்படுத்தியது தனியான குற்றம் என்று சேதுமாதவன் கடைசியில் ஒரு வாதம் வைத்திருந்தார். அதற்காகச் சிந்துஜா நீக்கப்படவில்லையே என்று நீதிபதி அதை ஒரே வரியில் தள்ளிவிட்டார்.

ஃபர்சானா அன்று பிரியாணி வாங்கிக் கொடுத்தார். 

கம்பெனி மேல்முறையீடு போகவில்லை. பிரதி சொல்வதற்கெல்லாம் இனி தாங்களே பொறுப்பு என்று ஆனதும், எல்லாப் பிரதிகளையும் நிறுத்துவது என்று முடிவு செய்தார்கள். ஜெசிந்தா கூப்பிட்டுச் சொன்னாள். ஃப்ளோரில் கேக் வெட்டினார்களாம், யாருக்கும் தெரியாமல். இப்ப லீவு கேட்டா மறுபடி முறைக்கறாங்கண்ணா, லாக்கர் ரூல் மட்டும் அப்படியே இருக்கு என்றாள். பிறகு தயங்கினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிறுத்துகிறார்கள் என்றாள். உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு என்றாள்.

அந்த மேஜை நாளுக்குப் பிறகு நான் கூப்பிட்டிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து, ஷூவைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒன்றை அழுத்தினேன். இரண்டை அழுத்தினேன்.

"வணக்கங்க, துணைக்குரல்ல இருந்து சிந்துஜா பேசறேன். உங்க மனைவிக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொல்லியிருந்தீங்க. இப்ப எப்படி இருக்காங்க?"

எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இத்தனை மாதம் ஏதேதோ சொல்லியிருக்கிறேன். ரசம், தூக்கம், பம்பு, வீட்டுக்காரர் வாடகை ஏற்றியது. இப்போது வாய் வரவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"லைன்ல இருக்கீங்களா?" என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டது. பிறகு, "ஒண்ணும் அவசரம் இல்லைங்க. நீங்க பேசுங்க. எவ்வளவு நேரம் வேணாலும் பேசுங்க. நான் கேட்டுட்டேதான் இருப்பேன்" என்றது.

அவள் குரலில் அது ரொம்ப நன்றாக இருந்தது. யார் அதைக் கேட்டாலும் பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் போனை வைத்தேன்.

அன்று ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஜன்னல் ஓரத்துக் கட்டில். மூன்றாவது பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. எனக்குப் பயம். பயத்தில் நான் பேசிக்கொண்டே இருந்தேன். கேஸ் அடுத்த மாதம் வருகிறது, கண்டிப்பாக ஜெயிப்போம் என்றேன். கம்பெனியில் புது மாடல் பம்பு வந்திருக்கிறது என்றேன். ஊரிலிருந்து அத்தை கிளம்பிவிட்டார், மேட்டுப்பாளையம் தாண்டிவிட்டார் என்றேன். ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, களைப்புதான். விரலால் என் மணிக்கட்டைத் தொட்டு ஒன்று சொன்னாள். அதற்குப் பிறகு டாக்டர் வந்துவிட்டார், கட்டிலோடு உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

"கொஞ்ச நேரம் பேசாம இருடா" என்றாள்.